இடது பக்கம் சுவர்

என் கணவர் பிறப்பதில் மட்டும்தான் அவசரப்பட்டார். மற்ற எல்லாவற்றிலும் நிதானம்தான். அவர் ஒரு சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் நான் குளித்து, சீருடை மாட்டி, தலைவாரி, வாசலில் நின்று இரண்டு தடவை கத்தியிருப்பேன். ஆனால் டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே உலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அந்த மூன்று வாரத்துக்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமான நிறுவனத்தில் துணை விமானிகள். ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே நாளில் வேலை. எங்கள் தொழிலில் யார் கெட்டிக்காரர், யார் பூப்போல விமானத்தை இறக்குகிறார் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி ஆளுக்கு ஓர் எண் உண்டு. எந்த மாதம் விடுப்பு, எந்த ஊருக்கு ஓட்டம், எப்போது கேப்டன் என்று எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்யும். கோபித்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே கடைசி எண்ணிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதனால் யாரும் போவதில்லை. ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவர் முன்னால். அவர் என்னைவிட ஒரு வாரம் மூத்தவர். சொன்ன தேதியில் பிறந்திருந்தால் நான்தான் மூத்தவள்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தது என் மாமியார். கல்யாணமான புதிதில் ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "அப்போ நான் இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா நீ முன்னாடி போயிருப்பியாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம் அத்தை."

"அன்னிக்குன்னு பார்த்து பரணைச் சுத்தம் பண்ண ஏறினேன்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். அன்றிலிருந்து அவர் மகனை நான் 'மூத்தவரே' என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போது அவர், நேரில் நீ, கோபம் வந்தால் டா.

விமானி என்றால் பணத்தில் புரள்கிறவர்கள் என்று ஊரெல்லாம் நினைப்பு. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வாடகை பேசும்போது முதலில் நியாயமான மனுஷராகத்தான் இருந்தார். என்ன வேலை என்று கேட்டுத் தொலைத்தார், நாங்களும் சொல்லித் தொலைத்தோம். "ரெண்டு பேருமா?" என்றார். மறு நிமிஷம் வாடகை ஏறிவிட்டது. அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? துணை விமானியின் சம்பளத்தில் நிலையாக வருவது சொற்பம். மீதியெல்லாம் ஓட்டிய நேரத்துக்கு. அந்த நேரமும் விமானத்தை நிறுத்தி வைத்திருக்கும் பிரேக்கை விடும்போதுதான் ஆரம்பிக்கும். விடிவதற்கு முன் எழுந்து ஓடுவது, மழையில் நனைந்துகொண்டு விமானத்தைச் சுற்றி வந்து டயரைப் பார்ப்பது, எரிபொருள் கணக்கு, யாரோ ஒரு பயணி சென்ட் கடையிலிருந்து வெளியே வர மனமில்லாமல் நிற்பதால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பது, எல்லாம் தர்மத்துக்கு. பயிற்சிக்கு வாங்கிய கடன் ஆளுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் யாராவது சொன்ன வேலையைத் தள்ளிப்போட்டால், "இன்னும் பிரேக்கை விடலையா?" என்றுதான் கேட்போம். அத்தையும் அப்படித்தான் கேட்பார்.

இடது பக்க இருக்கைக்குப் போய்விட்டால் கதையே வேறு. கேப்டன் இடது பக்கம், துணை விமானி வலது பக்கம், நடுவில் ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்தைத் தாண்டினால் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் தாண்டுவதற்குப் புது விமானம் வர வேண்டும், அல்லது இருக்கிற கேப்டன் யாராவது ஓய்வு பெற வேண்டும். புது விமானங்கள் வருகின்றன, வருகின்றன என்று நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். ஆகவே நாங்கள் கேப்டன்களின் பிறந்தநாளை அவர்களுடைய மனைவிமாரைவிட நன்றாக நினைவு வைத்திருப்போம்.

அப்படி ஒரு கேப்டனுக்கு அறுபத்தைந்து முடிந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார். தங்கமான மனிதர், எல்லோருக்கும் கண் கலங்கியது, எனக்கும்தான். அதே சமயம் அந்த அறையில் நின்ற துணை விமானிகள் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு களை வந்திருந்ததையும் நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார். கேக்கை எனக்கு நீட்டும்போது, "பெரிய துண்டா எடுத்துக்கோம்மா, இத்தனை வருஷம் காத்திருந்தீங்க" என்றார்.

காலியானது ஓர் இடம். துணை விமானிகளின் வரிசையில் அப்போது முதலில் நின்றது என் கணவர். அடுத்தது நான்.

கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் பேசி வைத்த ஒப்பந்தம் ஒன்று உண்டு. எண் விஷயத்தில் விட்டுக்கொடுப்பது கிடையாது. யாராவது விட்டுக்கொடுத்தால் அதை ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனவே இருவருமே அந்த இடத்தைக் கேட்டோம். அவருக்குக் கிடைத்தது. நான் கைகொடுத்தேன். "வாழ்த்துக்கள் மூத்தவரே" என்றேன். மனசுக்குள் பரணையும் அத்தையையும் அந்த டாக்டரையும் ஒரு பாட்டம் திட்டினேன்.

"யார் கேப்டன் ஆனா என்னம்மா, ரெண்டு பேர் சம்பளமும் ஒரே வீட்டுக்குத்தானே வருது?" என்றார் அத்தை.

"சம்பளம் வீட்டுக்கு வரும் அத்தை. நாற்காலி வராது."

அத்தை தலையை ஆட்டினார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது. வேறோர் ஊரில் இருக்கும் சிமுலேட்டரில், அதாவது தரையிலேயே நின்று விமானம் போல ஆடும் பெட்டியில், சில நாள் பழகிவிட்டுத் தேர்வு எழுத வேண்டும். எழுதுவது என்றால் ஓட்டிக் காட்டுவது. தேறினால் கேப்டன். தவறினால் பழையபடி வலது பக்கம், மறுபடி கேட்க இரண்டு வருஷம் ஆகும். இடம் அடுத்த எண்ணுக்குப் போகும். அடுத்த எண் யார் என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியதில்லை.

அவர் வீட்டிலேயே பழக ஆரம்பித்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். விமானி அறையின் படத்தைப் பெரிய காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி நீட்டிப் பொத்தான்களைத் தொட்டுப் பார்ப்பது. வெளியாள் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாவம் என்று நினைப்பார். எங்கள் வீட்டில் அதற்கு இடம் சமையலறை மட்டும்தான். இரண்டு நாற்காலி போட்டதும் இடதுபக்க நாற்காலி சுவரோடு ஒட்டிக்கொண்டது, வலதுபக்கம் அடுப்பு மேடை. என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களுக்கு ஒரு குவளையில் இரண்டு கரண்டி. தீ மணிக்கு அத்தையின் சமையல் டைமர், முட்டை வேக வைப்பதற்கென்று வாங்கியது. அத்தை, "கிளற ஒரு கரண்டி இல்லாத வீட்டுல ரெண்டு பைலட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டைத் துடைப்பார்.

வலது நாற்காலியில் துணை விமானியாக உட்கார ஆள் வேண்டும். என்னை விட்டால் யார்? நான் விட்டுக்கொடுப்பதில்லை என்றுதான் சொன்னேன், உதவி செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை.

முதல் நாள் சாயங்காலமே பார்த்துவிட்டேன். விமானம் ஓடுபாதையில் வேகமெடுப்பதாகக் கணக்கு. நான் வேகத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று டைமரை அலற விட்டேன். என்ஜினில் தீ. இந்த இடத்தில் நிறுத்துவதா, மேலே கிளம்புவதா என்று முடிவு செய்வது கேப்டன் மட்டும். துணை விமானி வாயைத் திறந்து என்ன கோளாறு என்று சொல்லலாம், "நிறுத்து" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. மணி அடித்ததும் என் கணவரின் தலை இடது பக்கம் திரும்பியது. ஒரு கணம்தான். அப்புறம் முன்னால் பார்த்து, "நிறுத்து" என்று சொல்லிக் கரண்டிகளை இழுத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் வலது பக்கம் உட்கார்ந்தவர் அவர். ஏதாவது கோளாறு என்றால் இடது பக்கம் திரும்பி, கேப்டன் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தே பழகிவிட்டது கழுத்து. இப்போது இடது பக்கம் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது, அதில் ஒரு நாள்காட்டி. ஓடுபாதையில் அந்த வேகத்தில் ஒரு நொடி என்பது எழுபது மீட்டர். தேர்வு எடுக்கிறவர் பின்னால் உட்கார்ந்திருப்பார், முதுகிலிருந்தே பார்த்துவிடுவார். "இன்னும் துணை விமானிதான்" என்று குறித்துக்கொள்வார். அதோடு முடிந்தது.

மறுபடி செய்தோம். மறுபடி திரும்பினார். அவருக்கே தெரியவில்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"பரவாயில்ல" என்றேன்.

அப்போது சொல்லாமல் விட்டது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. தேர்வு அவருடையது. சுவரைப் பார்க்கிறோம் என்பதுகூடத் தெரியாதவர் கேப்டனாக வேண்டாம் என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். நானாக இருந்தால் திரும்ப மாட்டேன் என்றும் நினைத்தேன். நான் உதவி செய்கிறேன், ஆனால் அவரைச் சுமக்க மாட்டேன். இப்படியெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். பாத்திரம் வழக்கத்தைவிடப் பளபளவென்று இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பழகினோம். வலது கையால் நெம்புகோலைப் பிடிக்கப் பழகிவிட்டார், அதுவரை அது இடது கை வேலை. கட்டளை சொல்லும் குரல்கூடத் தடித்தது. தலை மட்டும் மணி அடித்தால் இடது பக்கம் போய்விட்டுத்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் ஒன்றும் சொல்லாமல் என் பங்கைச் செய்தேன். நான் சந்தோஷமாகவும் இல்லை, தூக்கமும் சரியாக வரவில்லை.

அவர் சிமுலேட்டருக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள் அவருக்கு ஓர் ஓட்டம் இருந்தது. வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை அடுப்பில் முட்டை வைத்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, இடது பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் தவறிவிட்டால் அடுத்த மாதம் நான்தான் இங்கே என்ற நினைப்புதான், மறைப்பானேன். கரண்டிகளைப் பிடித்தேன். கண்ணை மூடாமலேயே ஓடுபாதை தெரிந்தது. எனக்கு நானே வேகம் சொல்லிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது. நாற்காலி எனக்கே தைத்த மாதிரி இருந்தது.

டைமர் அலறியது. முட்டை வெந்துவிட்டது.

"ஏம்மா சுவரைப் பார்க்கறே, பல்லி ஏதாவது இருக்கா?" என்றார் அத்தை.

நான் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண்தான். வாரம் முழுக்க அவர் கழுத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவள், மணி அடிக்கும் என்று தெரிந்தவள், திரும்ப மாட்டேன் என்று அடித்துச் சொன்னவள். என் கழுத்து என்னைக் கேட்கவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே அவர் மேல் ஒரு பாசம் பொங்கிக்கொண்டு வந்தது, இரண்டு பேரும் ஒரே வண்டியில் கட்டின மாடு என்கிற பாசம்.

"பல்லி இல்ல அத்தை" என்றேன்.

அவர் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். "மூத்தவரே, மணி அடிச்சா நீ இடது பக்கம் திரும்பறே. ஒவ்வொரு தடவையும். அங்க யாரும் இல்ல, சுவர்தான் இருக்கு. நீ கேட்கணும்னா வலது பக்கம் இருக்கேன், என்னைக் கேளு. கேட்க வேண்டாம்னா நேரா பாரு."

அவர் ஒற்றைக் காலணியோடு நின்றார். "எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

நிதானமான மனிதர் என்று சொன்னேனே. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு காலணியையும் கழற்றி, இரண்டையும் ஜோடியாக வைத்துவிட்டு, "வா, உட்காரு" என்றார். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும் வரை டைமர் அலறிக்கொண்டே இருந்தது. கடைசியில் தலை நின்றது. அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

அவர் தேறினார். தொலைபேசியில் சொன்னார். "தீ வந்தப்போ வலது பக்கம் திரும்பி, என்ன தெரியுதுன்னு துணை விமானியா உட்கார்ந்திருந்த பையனைக் கேட்டேன். அவன் சொன்னான். நிறுத்துன்னேன். பரிசோதகர் அப்புறம் தனியா கூப்பிட்டு, கூட இருக்கிறவனைக் கேட்கறே, நல்ல பழக்கம், யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டார். வீட்டுலன்னு சொன்னேன்."

எனக்கு நிஜமாகவே சந்தோஷம். வயிறும் எரிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். வெளியே வந்தபோது அத்தை ஒரு டம்ளர் சூடான பாலோடு நின்றார். "பரணைச் சுத்தம் பண்ணினது என் தப்புதாம்மா" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

என் கணவர் தோளில் கேப்டனுக்கான நாலாவது பட்டை ஏறிய சேதி வீட்டுக்காரருக்கு எப்படித்தான் எட்டியதோ, வாடகையும் ஏறியது. அவர் கேப்டன் வரிசைக்குப் போய்விட்டதால் துணை விமானிகள் வரிசையில் இப்போது நான்தான் முதல். என் முன்னால் ஆளே இல்லை. ஆனால் இடமும் இல்லை. வர வேண்டிய புது விமானங்களை நிறுவனம் தள்ளிப்போட்டுவிட்டது. அடுத்து ஓய்வு பெறப்போகிற கேப்டன் தினமும் ஓடுகிறார், கீரை சாப்பிடுகிறார், வெகு ஆரோக்கியமாக இருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவருடைய நண்பர்கள் இரண்டு பேர் சாப்பிட வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் அவர், "நான் கேப்டன் ஆனதே இவளாலதான். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த இடம் இவளுக்கு. எனக்காக விட்டுக்கொடுத்தா" என்றார். நண்பர்கள் என்னைத் தெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.  எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர்கள் போன பிறகு, "நான் ஒண்ணும் விட்டுக்கொடுக்கல" என்றேன்.

"தெரியும், உனக்குச் சொன்னா பிடிக்காது."

"பிடிக்கறதைப் பத்தி இல்லடா. நான் ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ தோத்தா எனக்கு இடம்னு கணக்குப் போட்டுத்தான் இருந்தேன். அப்புறம் நீ இல்லாதப்போ அந்த நாற்காலியில உட்கார்ந்தேன். டைமர் அடிச்சது. நானும் சுவரைத்தான் பார்த்தேன். அதனாலதான் சொன்னேன். கருணை கிருணைன்னு யார்கிட்டயும் சொல்லாதே."

 அவர் மேஜையிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். நொந்துவிட்டார் என்று நினைத்தேன், நோகட்டும் என்றும் நினைத்தேன். அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போனார். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், எப்போதோ சுருட்டி வைத்த காகிதத்தை மறுபடி சுவரில் ஒட்டியிருந்தார். குவளையில் இரண்டு கரண்டி. அவர் வலது பக்க நாற்காலியில், அடுப்பு மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். இடது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"எப்போ இடம் வரும்னே தெரியாது" என்றேன்.

"வரும்போது கழுத்து தயாரா இருக்கட்டும்."

அத்தை கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். "கேப்டன் ஆனப்புறமும் இந்தக் கூத்தா? இதுக்காவது சம்பளம் உண்டா?"

"பிரேக்கை விட்டாத்தான்மா" என்றார் அவர்.

நான் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்தேன். காகிதத்தில் பிரேக் இருக்கும் இடத்தில் கையை வைத்து, விட்டேன். அவர் வேகம் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் டைமரை அலற விட்டார். என் கழுத்து கொஞ்சம் இடது பக்கம் போகப் பார்த்தது, நான் அதை இழுத்து வலது பக்கம் திருப்பினேன். அங்கே அவர் இருந்தார், என்னையே பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்வேன் என்று காத்துக்கொண்டு.

"நிறுத்து" என்று சொல்லிக் கரண்டிகளை இழுத்தேன்.

அவர் டைமரை நிறுத்தினார்.